கை ஊன்றாமல் எழுந்திருங்கள்

பெரியவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்வது என் தொழில். திருத்தணியில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். வயதோடு தசை கரைவதை, விழுந்து எலும்பு முறிவதற்கு முன்னால் நான் கண்டுபிடிக்க வேண்டும். வருகிறவர்களோ தங்களுக்கு ஒன்றுமில்லை என்று நிரூபிக்க வருவார்கள். வீட்டில் அப்படி ஒருவரை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

பிடி

பொதட்டூர்பேட்டை முனிரத்தினம் கைத்தறி நெசவாளர், எழுபதைத் தாண்டியவர். ஆடிக் கிருத்திகைக்கு வருஷம் தவறாமல் காவடி எடுத்து மலைப்படி ஏறுகிறவர். இந்த வருஷம் வேனில் மேலே கொண்டுபோய் இறக்கிவிடுவதாக மகன் சொல்லிவிட்டான். படி ஏறலாம் என்று நான் சொன்னால்தான் விடுவானாம். மனைவி சரோஜா கூட்டிவந்திருந்தார்.

பிடியின் வலுவை அளக்கும் கருவியைக் கொடுத்தேன். அழுத்தினார். முள் இளைஞர்களின் இடத்தில் போய் நின்றது. காலமெல்லாம் தறிக்கயிற்றை இழுத்த கை. மகனுக்கு உடனே போன் போடச் சொன்னார். நான் நாற்காலியைக் காட்டினேன். எழுந்திருக்கும்போது இரண்டு கையும் தாமாக முழங்காலுக்குப் போயின. எடுக்கச் சொன்னேன். பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்தார். தறியில் கால் மிதித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. ஆனால் மிதிப்பது வேறு, உடம்பைத் தூக்குவது வேறு. வீட்டில் தறிக்குழியிலிருந்து மேலே வர, உத்தரத்தில் கயிறு தொங்குகிறதாம்.

"அத்த கட்டினதே நான்தான் மேடம். இல்லாங்காட்டி மூணு வேளையும் சோத்த குழிக்குள்ளயே எறக்கணும்" என்றார் சரோஜா.

நாற்காலி எதற்கு

முனிரத்தினம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தபோது, திருவாலங்காட்டிலிருந்து வந்த அம்மாள் ஒருவரின் முறை. கரும்புத் தோட்டத்துக்காரர். கைகளை மார்பில் குறுக்காக வைத்து, உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருங்கள் என்றேன். குறுக்கே போன கைகள் மார்போடு நிற்காமல் நேராகக் காதுகளைப் பிடித்துக்கொண்டன. நாற்காலியை விட்டு விலகிவந்து தோப்புக்கரணம் போட ஆரம்பித்துவிட்டார். தங்கள் முறைக்குக் காத்திருந்த இரண்டு பேரும் என்னமோ பூஜை என்று நினைத்து எழுந்து காதைப் பிடித்தார்கள். நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முனிரத்தினம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்துவிட்டு அந்த அம்மாள் கேட்டார்: "புள்ளையாரு வெறுந்தரையிலதான போடச் சொல்றாரு, உனக்கு மட்டும் இன்னாத்துக்கும்மா நாற்காலி?"

இளைத்த கால்

கெண்டைக்காலை டேப் வைத்து அளப்போம். முனிரத்தினத்தின் காலுக்கு டேப்பே தேவைப்படவில்லை, என் இரண்டு கை விரல்களின் வளையத்துக்குள் இடம் மிச்சமிருந்தது. அவருக்கு அதில் பெருமை. உடம்பு நன்றாக இறங்கியிருக்கிறது, லுங்கி இன்னொரு சுற்று வருகிறது என்றார். இறங்கியது கொழுப்பு இல்லை, சதை என்று விளக்கினேன். பல் விழுந்ததிலிருந்து ரசம் சோறுதான் ஆகாரம். முட்டை சாப்பிடலாமே என்றேன். மாலை போடப் போகிறேன், கவுச்சி ஆகாது என்றார். அப்படியானால் தினமும் தயிரும் பருப்பும், குழைய வேகவைத்த சுண்டலும். கூடவே நாற்காலிப் பயிற்சி. முதலில் தலையணை போட்டு உயரமாக, பிறகு அதை எடுத்துவிட்டு.

"ஆங், சுண்டலா? கோயில்ல அத்தத்தான குடுக்கறாங்க? அப்போ சாமிக்கு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது" என்றார்.

படி

ஆடி பிறந்ததும் வந்தார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். கடைசியில் கால் நடுங்கியது, கை இறங்கவில்லை. நடையும் தேறியிருந்தது. ஏறலாம், மண்டபத்துக்கு மண்டபம் நின்று போகவேண்டும், மகன் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று போனில் மகனிடமே சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கிருத்திகையன்று படியில் பாதி வழியில் போய் நின்றுகொண்டேன். மஞ்சள் வேட்டிகளுக்கு நடுவே அவர் காவடி வந்தது. மகன் இரண்டு கையையும் விரித்து, விழப்போகும் பாத்திரத்தைப் பிடிப்பவன்போலப் பின்னால் வந்தான். விழவேண்டியது எதுவும் விழவில்லை. ஆனால் அவருக்கும் மேலே, வருஷா வருஷம் முட்டிவலி என்று வேனில் போகும் சரோஜா, பால்குடத்தோடு ஏறிக்கொண்டிருந்தார். வீட்டில் நாற்காலிப் பயிற்சியைத் தனியாகச் செய்யப் புருஷன் வெட்கப்படுகிறார் என்று எதிரில் இன்னொரு நாற்காலி போட்டு, தினமும் கூடவே உட்கார்ந்து எழுந்தாராம். சரோஜா திரும்பி, அத்தை மகனான புருஷனைக் கல்யாணத்துக்கு முன்னிருந்தே கூப்பிடுகிறபடி கூப்பிட்டார்: "இன்னா பாவா, ஆடி அசைஞ்சி வந்துகினு கீற? பின்னாடி ஜனம் நிக்குது பாரு!"

முனிரத்தினம் என் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. "மேடம், நீங்க வைத்தியம் பண்ணது எனக்கா, அவளுக்கா?"

இந்தத் தொழிலில் நாம் ஒருவரைத்தான் நாற்காலியில் உட்காரவைக்கிறோம், எழுந்து போகிறவர் யார் என்பதை அந்தந்த வீட்டில் முடிவு செய்துகொள்கிறார்கள்.