என் காரை வாங்கிய மாமி

அபிராமபுரத்தில் எங்கள் தெருமுனை வீட்டு மாமிதான் என் பழைய காரை வாங்கினார். ஒல்லியான உடம்பு, நரைத்த தலை, கசங்காத பருத்திப் புடவை. எங்கே கிளம்பினாலும் பானெட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்த பிறகுதான் சாவியைத் தொடுவார்.

அந்தக் கார் என்னைப் படாதபாடு படுத்தியது. இண்டிகேட்டர் போட்டால் முன்விளக்கு மங்கும். வைப்பரைப் போட்டால் ஹாரன் கம்மிப்போகும். புது பேட்டரி போட்டும், நந்தனம் சிக்னலில் அடியோடு நின்றுவிட்டது. வெறுத்துப்போய் விற்றேன்.

அடுத்த மழையில் மாமி அதை ஓட்டிவந்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. என் வயிறும் எரிந்தது. மறுநாள் அவர் வாசலில் போய் நின்றேன்.

"என்ன மாமி பண்ணீங்க?"

"பேட்டரிலேர்ந்து பாடிக்குப் போற எர்த் ஒயர் முனை துருப்பிடிச்சிருந்ததுடா. சுரண்டிட்டு இறுக்கினேன். கரண்ட் திரும்பிப் போக வழியில்லாம தவிச்சிண்டிருந்தது, பாவம்."

அந்தப் 'பாவம்'தான் எனக்குப் பொறுக்கவில்லை. என் வண்டிக்காக என்னிடமே பரிதாபப்படுகிறார்!

"திருப்பி எனக்கே கொடுத்துடுங்க மாமி."

"மாட்டேன். லஸ்ஸுக்குப் போறேன், வேணும்னா ஏறிக்கோ."

ஏறினேன். சாவியைத் திருப்பியதுமே கிளம்பியது. எங்கேயாவது ஒருதடவை மக்கர் பண்ணாதா என்று லஸ் வரும்வரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பண்ணவில்லை. இறங்கும்போது எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அது மாமிமேலா, வண்டிமேலா என்று இன்றும் தெரியவில்லை.