வாயால் சொல்ல வேண்டிய பெயர்

என் வீட்டுக்காரரின் பெயரை நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கூட வரும் மகள் சொல்வாள். அவள் இல்லாவிட்டால் வரிசையில் நிற்கிற யாராவது சொல்வார்கள். சுங்குவார்சத்திரத்தில் என் வயதுப் பெண்கள் எல்லோரும் இப்படித்தான். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சின்ன வயதிலேயே காதில் போட்டுவிட்டார்கள். புருஷனோடு தெருவே கூடுகிற மாதிரி சண்டை போடுகிறவள்கூட அந்த ஒன்றை மட்டும் மீறமாட்டாள். நான் பி.யூ.சி. படித்தவள், ஆங்கிலத்தில் டைப் அடித்துச் சம்பளம் வாங்கியவள். நம்பினாயா என்று கேட்டால், நம்பவில்லை. சொல்லவும் இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த ஒரு வழக்கத்தால்தான் ஒரு மனுஷனைத் தேடாமலே விட்டுவிட்டார்கள்.

எண்பதுகளின் நடுவில் இலங்கையிலிருந்து அகதிகள் வந்தார்கள். எங்கள் ஊருக்கு வெளியே, பெங்களூர் ரோட்டோரம் பூட்டிக்கிடந்த ஒரு நெல் கோடவுனில் சில குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பழைய புடவைகளைக் கட்டித் தொங்கவிட்டு, குடும்பத்துக்கு ஒரு மூலை என்று பிரித்துக்கொண்டார்கள். நான் வேலை பார்த்த கம்பெனி ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் இருந்தது. லாரிக்கு ரப்பர் வாஷர், பெல்ட் எல்லாம் செய்வார்கள். பேக்கிங்கில் தினக்கூலிக்கு ஆள் போதவில்லை என்று அந்தக் கோடவுன் பெண்கள் சிலரை எடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி என் மேஜைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி ஒட்டுவாள்.

சின்னப் பெண். திருகோணமலைக்கு வடக்கே ஏதோ கடற்கரை ஊர். காலையில் முற்றத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த புருஷனை ராணுவம் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. இவள் பின்னாலேயே ஓடியிருக்கிறாள். ராணுவ முகாமில் போய்க் கேட்டால், அப்படி யாரையும் பிடிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கப்புறம் ஊரே கிளம்பிப் படகேறியபோது இவளும் ஏறிவிட்டாள். தினமும் ஷிஃப்டுக்கு வரும்போது நெற்றியில் காசளவு குங்குமம் இருக்கும். சாப்பாட்டுக்கு வழி இல்லாதபோதும் குங்குமத்துக்கு வழி பண்ணிக்கொள்வாள்.

ஒரு நாள் வெளிநாட்டு மனித உரிமை அமைப்பு ஒன்றிலிருந்து ஒருவர் விசாரிக்க வருகிறார் என்று தகவல் வந்தது. ராணுவத் தரப்பு, தமிழர் தரப்பு இரண்டையும் விசாரித்து, யார் என்ன அநியாயம் செய்தார்கள் என்று உலகத்துக்குச் சொல்லப்போகிறார்களாம். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று எங்கள் மேனேஜரைக் கேட்க, அவர் என்னைக் கைகாட்டிவிட்டார். காணாமல் போனவரைப் பற்றி நேரில் பார்த்த சாட்சி சொன்னால், அந்தப் பெயரைப் பதிவு செய்து, இந்த ஆள் எங்கே என்று அந்த அரசாங்கத்திடமே கேட்பார்கள் என்றும் சொன்னார்கள்.

அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பசைக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, அவ்வளவு பெரிய ஆக்கள் கேட்டால் அவங்கள் பதில் சொல்லத்தானே வேணும்?"

"கேட்டா சொல்லித்தான் ஆவணும்மா. ஒலகமே பாத்துக்கினு இருக்கும், இல்லன்னு மழுப்ப முடியுமா?" என்றேன். அன்று நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வந்தவர் நல்ல மனிதர். இதை அழுத்திச் சொல்கிறேன், கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பார். வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது, ஆனாலும் விசிறியைக் குழந்தை வைத்திருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டார். ஒரு ஸ்டூலில் டேப் ரெக்கார்டரை வைத்தார். சுற்றிலும் கோடவுனே கூடி உட்கார்ந்தது.

முதலில் பேசியவர் ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார். அவருடைய தம்பியை ராணுவம் சுடவில்லை. சொந்த ஊர் இயக்கத்துப் பையன்களே துரோகி என்று சொல்லிச் சுட்டிருந்தார்கள். அதைச் சொல்லவேண்டாம் என்று சிலர் அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் கேட்கவில்லை. தம்பியின் பெயர், இடம், சுட்டவர்கள் யார் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். வந்தவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். எழுதவேண்டியதுதான், அதில் எனக்குக் குறையே கிடையாது.

அடுத்தது அவள். எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்! எத்தனை வண்டி வந்தது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, புருஷன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று கெஞ்சியது, அதற்கும் அவர்கள் விடாதது. நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல வந்தவர் முகம் மாறுவது தெரிந்தது. இவள் சொன்னது பதிவாகிவிடும் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். அப்போது கேட்டார்:

"உங்கள் கணவரின் முழுப் பெயர்?"

நான் கேட்டேன். அவள் தலையைக் குனிந்து, லேசாகச் சிரித்து, பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தாள். எங்களுக்கு அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டாம். நீ சொல்லேன் என்று அர்த்தம். நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

கோடவுன் மொத்தமும் ஒரே நேரத்தில் பதில் சொன்னது. ஒருத்தர் பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொன்னார். இன்னொருத்தர் வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொன்னார். அவர்கள் ஊரில் எல்லோருக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு. அது இல்லை, இதுதான் என்று ஒரு கிழவி அதட்டினாள். அப்பா பெயரையும் சேர்த்துச் சொல் என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவளுக்கு உதவி செய்கிறோம் என்று ஆளாளுக்கு அத்தனை ஆசையாகக் கத்தினார்கள்.

வந்தவர் டேப்பை நிறுத்தினார்.

"இவருக்குத் தன் கணவர் பெயர் தெரியாதா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

நான் வழக்கத்தை விளக்கினேன். நானே என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்வதில்லை என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் மொழிபெயர்க்க வந்தவர். உங்கள் விளக்கத்தைச் சாட்சியமாக எடுக்க எனக்கு அனுமதி இல்லை. அவரே சொல்லட்டும்" என்றார். எல்லோரையும் வெளியே அனுப்பச் சொல்லிவிட்டு, மறுபடி டேப்பை ஓடவிட்டார்.

"சொல்லிடும்மா. ஒரே ஒரு தபா. சாமி ஒண்ணும் பண்ணிடாது" என்று கெஞ்சினேன்.

அவள் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "அக்கா, அவர் இப்ப எங்க கிடக்கிறாரோ, என்ன பாட்டில இருக்கிறாரோ. இந்த நேரம் பார்த்து நான் அவற்ற பேரைச் சொல்லி ஏதும் நடந்திட்டுதெண்டால்? என்னால ஏலாது அக்கா."

புருஷன் வீட்டில் சௌக்கியமாக இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள். அவர் உயிர் ஊசலாடுகிற சமயத்தில் எப்படிச் சொல்வாள்? இதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுதித் தரச் சொல்லட்டுமா?" என்றேன்.

"இத்தனை பேர் அவர் எதிரிலேயே சொல்லிவிட்டார்கள். அதுவும் இரண்டு பெயர். இனி எழுதுவது அவருக்குத் தெரிந்ததா, இப்போது கேட்டதா என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்?"

அவர் சொன்னது சரி. அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதனால்தான் எனக்கு இன்றுவரை வயிறு எரிகிறது.

கிளம்பும் முன் பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் டீ குடித்தார். இதற்கு முன்பு கொழும்பில் ராணுவ அதிகாரிகளையும் விசாரித்தாராம். ஒவ்வொருவரும் தனித்தனி அறையில், பேர், பதவி, நேரம் என்று எல்லாம் பிசகாமல் சொன்னார்களாம். கையெழுத்துப் போட்ட வாக்குமூலமும் கொடுத்தார்களாம். "இரண்டு தரப்புக்கும் ஒரே அளவுகோல்தான் வைக்கிறோம். அதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

ஒரே அளவுகோல்! ஒருத்தருக்கு ஆபீஸ் இருக்கிறது, டைப்ரைட்டர் இருக்கிறது, பொய்யைக்கூட அழகாக நறுக்கிக் கொடுக்க ஆள் இருக்கிறது. இன்னொருத்திக்கு ஒரு கோடவுன் மூலையும், சொல்லக்கூடாத ஒரு பெயரும் இருக்கின்றன. இருவருக்கும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு நியாயம் செய்துவிட்டோம் என்று போய்விடலாம். பணமோ மிரட்டலோ வேண்டியதே இல்லை. நல்ல மனதோடு, விதிப்படி நடந்தாலே அவள் தோற்றுவிடுகிறாள். இதை எந்த மேடையில் போய் முறையிடுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அடுத்த வருஷம் அந்த அமைப்பின் அறிக்கை வந்தது. சென்னையில் அகதிகளுக்கு உதவி செய்கிற ஒருவர் எனக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார். டீ நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். அவள் எதிரே டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியாரின் தம்பியைப் பையன்கள் சுட்டது இருந்தது. ராணுவத்தின் விளக்கம் விவரமாக இருந்தது. அவள் ஊரைப் பற்றி, கைது நடந்ததாகச் சொல்லப்படுவதை உறுதிப்படுத்த முடியவில்லை, சாட்சிகளுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் சொல்லிக்கொடுத்ததாகத் தெரிகிறது என்ற மாதிரி போட்டிருந்தார்கள். தேடவேண்டியவர்களின் பெயர்கள் கடைசியில் இருந்தன. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தேடினேன்.

"அவற்ற பேர் இருக்கோ அக்கா?"

"இல்லம்மா."

"வீட்டுப் பேர்?"

"அதுவும் இல்ல."

"அப்ப அந்த அரசாங்கத்திட்ட ஒருத்தரும் அவரைப் பற்றிக் கேக்கேல்லை."

அவள் டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துத் தன் புருஷனின் பெயரைச் சொன்னாள். தகப்பன் பெயரோடு சேர்த்து, முழுசாக, ஒரு எழுத்து விழுங்காமல் சொன்னாள்.

"ஏம்மா? இப்ப ஏம்மா சொன்ன?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒருத்தரும் தேடாத ஆளுக்கு இனி என்ன ஆயுள் அக்கா?" என்றாள்.

அதற்குள் மணி அடித்துவிட்டது, எழுந்து போய்ப் பெட்டி ஒட்ட உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஷிஃப்டுக்கு வெறும் நெற்றியோடு வந்தாள். எங்கள் சூப்பர்வைசருக்கு ஒன்றும் தெரியாது. போகிற போக்கில், "இன்னாம்மா, பொட்டு வச்சிக்க மறந்துட்டியா?" என்று கேட்டார்.

"மறக்கேல்லை" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த அட்டையை எடுத்து மடித்தாள்.