யாரோ விட்டுப்போன கயிறு

அறிக்கையில் இரண்டு சொற்களை எழுதலாமா கூடாதா என்று, நாகர்கோவிலில் என் வீட்டு மொட்டைமாடியில் நானும் என் கூட்டாளியும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மல்லுக்கட்டினோம். ‘ஆல்பைன் பாணி’ என்பவைதான் அந்தச் சொற்கள்.

நான் வங்கிக் குமாஸ்தா. அவன் குளச்சல்காரன், வளைகுடாவின் எண்ணெய் மேடைகளில் கயிற்றில் தொங்கியபடி வெல்டிங் செய்தவன். கடல்மட்டத்தில் பிறந்து வளர்ந்த நாங்கள் இருவர் மட்டும் இமயமலையில் ஆறாயிரம் மீட்டரைத் தாண்டிய ஒரு சிகரத்தில் ஏறி இறங்கியிருந்தோம். மலையேற்றச் சங்கத்துக்கு அதைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டும்.

ஆல்பைன் பாணி என்றால் அடிவார முகாமுக்கு மேலே சுமை தூக்க ஆள் இல்லை, முன்கூட்டிக் கட்டிவைத்த கயிறு இல்லை, ஆக்சிஜன் உருளை இல்லை. வேண்டியதை முதுகில் போட்டுக்கொண்டு ஒரே வீச்சில் போய்வர வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெயருக்காகத்தான் நான்கு வருடம் அரிசி மூட்டையைச் சுமந்து நம்மூர்ப் பாறைகளில் ஏறினேன்.

உச்சியில் நின்றபோது காற்றுகூட அடங்கிவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மலைகள். யாரை என்று தெரியாமலே கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் முழங்காலிட்டு நெற்றியைப் பனியில் வைத்து எழுந்தான்.

ஊருக்கு வந்ததும்தான் தகராறு. எழுதக் கூடாது என்றான். இறங்கும்போது, என்றோ எந்தக் குழுவோ விட்டுப்போன பழைய கயிறு ஒன்றைத் தொட்டுவிட்டானாம். தொட்டதெல்லாம் கணக்கா என்று கேட்டேன். இறங்குவது ஏற்றத்தில் சேராது என்றும் வாதாடிப் பார்த்தேன். இறங்கி வந்தால்தான் ஏறினதே கணக்கு என்று அவன் நகரவே இல்லை. மூன்றாவது ஞாயிறு எனக்குக் கோபம் தலைக்கேறி, என் சாதனை உனக்குப் பொறுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

அப்போதுதான் அவன் உண்மையைச் சொன்னான்.

“மக்கா, மூடுபனியில நீ வழுக்கினேல்லா? அப்பம் உன்னத் தாங்க பனியில குத்தியிருந்த எனக்க கோடாரி பிடுங்கி வந்துட்டு. அந்தப் பழைய கயறுதான் நம்ம ரெண்டு பேரையும் பிடிச்சு நிறுத்திச்சு.”

எண்ணெய் மேடையில் ஒற்றைக் கயிற்றை நம்பி யாரும் தொங்குவதில்லை. எப்போதும் இரண்டாவதாக ஒன்று இருக்கும். அந்தப் பழக்கத்தில், எனக்கு மேலே நின்று என்னை இறக்கிக்கொண்டிருந்தவன், பனியில் துருத்திக்கொண்டிருந்த அந்தக் கயிற்றில் தன் இடுப்புக் கொக்கியை மாட்டியிருக்கிறான். யார் கட்டியது என்று தெரியாத கயிற்றைத் தொடாதே என்பதும் அதே வேலையின் சட்டம்தான். எனக்காக அதை மீறியிருக்கிறான். கீழே தொங்கிய நானோ, உன் பிடி நல்ல பிடிடா என்று மூடுபனிக்குள் கத்திப் பாராட்டினேன்.

ஏன் இத்தனை நாள் மறைத்தாய் என்று கேட்டேன்.

“சொன்னா நீ பயந்து பேடிச்சு இனி மலைக்கு வரமாட்டேண்ணு நெனச்சேன்.”

அந்தச் சிகரத்தைப் பார்த்தது போலவே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு சொற்களையும் அடித்தேன். இறங்கும்போது வேறொரு குழுவின் கயிறு எங்களைக் காப்பாற்றியது என்று எழுதினேன். அதன் கீழே கையெழுத்துப் போடும்போதுதான், உயிரோடு உட்கார்ந்து போடுகிறேன் என்பது உறைத்தது.