பெவர்லி குதித்த சனிக்கிழமை

என் மனைவி பெவர்லி ஏணியில் ஏறமாட்டாள். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் திரைச்சீலை மாட்டுவது என் வேலை, கீழே நின்று குறை சொல்வது அவள் வேலை. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில், மஞ்சள் கோட்டும் 'நில்' பலகையுமாக இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளைச் சாலை தாண்டவிட்டவள். லாரியையே முறைத்து நிறுத்துவாள், ஆனால் மாடிப்படியில் கைப்பிடியை விடமாட்டாள். அப்படிப்பட்டவள், தன் தங்கை லொரெய்ன் புற்றுநோயோடு கடைசி ஆறு வாரம் இருந்த பராமரிப்பு இல்லத்துக்கு நிதி திரட்ட விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கப் போகிறேன் என்று, ஊர் மதுக்கடையான பப்பில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லிவிட்டாள்.

எங்கள் ஊரில் சொன்னால் சொன்னதுதான். மறுநாளே கசாப்புக்கடை மால்கம் நன்கொடைத் தாளில் முதல் பெயராகக் கையெழுத்துப் போட்டான்.

"பெவ், பாத்து இறங்கு. தரைக்கு அடிபட்டுடப் போவுது!"

"உன் நாக்க வெட்டி நாய்க்குப் போட" என்றாள். கடையே சிரித்தது.

சிரிக்க முடியாதவன் நான் ஒருவன்தான். ஏப்ரலில் அவள் சமையலறையில் கண் இருட்டி விழுந்தாள். மே மாதம் குளியலறையில். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, "யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணித் தொலைத்தேன். விமானத் திடலிலிருந்து வந்த படிவத்தில் 'மயக்கம் வருவதுண்டா' என்ற கேள்விக்கு, என் கண்ணெதிரே 'இல்லை' என்று குறித்தாள்.

இரண்டு சனிக்கிழமைகள் மேகம் காப்பாற்றியது. நாள் முழுக்கத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, குதிக்காமலே வீடு திரும்பினோம். சர்ச் பக்கமே போகாத நான் மேகத்துக்காக வேண்டிக்கொண்டேன். மூன்றாவது சனிக்கிழமை மதியம் வானம் துடைத்துவிட்டாற்போல் வெளுத்தது.

அவளைத் தன்னோடு கட்டிக்கொண்டு குதிக்கப் போகிற பயிற்சியாளன் ஃபெர்கஸ், பட்டைகளை இறுக்கிக்கொண்டே கேட்டான்.

"உடம்புக்கு ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க பெவ். பரவால்ல, நாங்க திட்ட மாட்டோம்."

அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்கிறாள் என்று நினைத்தேன். சுற்றிலும் இல்லத்து நர்சுகள், லொரெய்னின் படம் போட்ட சட்டையோடு. மால்கம் கேமராவோடு. நாலு பேர் நடுவில் கலாட்டா பண்ணுவதைவிடச் செத்துப்போவது மேல் என்று வளர்க்கப்பட்டவன் நான்.

"யாருக்காச்சும் டீ வேணுமா?" என்று கேட்டேன்.

அதுதான் நான் சொன்னது. வேறு ஒரு வார்த்தை இல்லை. விமானம் ஏறியது. வானத்தில் புள்ளி தெரிந்து, குடை விரிந்து, அவள் புல்லில் உட்கார்ந்தபடி வந்து இறங்குகிறவரை நான் வேலிக் கம்பியை விடவில்லை. எல்லாரும் கத்திக் கைதட்டினார்கள். அவள் முகம் சுண்ணாம்பாக இருந்தது. புகைப்படத்துக்கு மட்டும் சிரித்தாள்.

காரில் வீட்டுக்குக் கிளம்பினோம். பாதி வழியில் சொன்னாள்.

"கதவு தொறந்ததுதான் ஞாபகம். கண்ணு இருட்டிடுச்சு. குடை விரிஞ்சப்புறம்தான் முழிச்சேன். மேல போய் லொரெய்ன நெனைக்கணும்னு இருந்தேன், டெஸ். ஒண்ணுமே நெனைக்கல."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"ஏன் நீ சொல்லல?" என்றாள்.

"சத்தியம் வாங்குனியே."

"ஊரே காசு குடுத்திருக்கு. வேணாம்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? நீ சொல்லிடுவ, இதோ சொல்லிடுவன்னு மூணு வாரமாக் காத்துக்கிட்டிருந்தேன். அவன் கேட்டப்பகூட உன் மூஞ்சியத்தானே பாத்தேன்?"

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, "திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போலாம் பெவ். நானே எல்லாத்தையும் சொல்றேன்" என்றேன்.

"எல்லாம் முடிஞ்சப்புறம் இப்ப சொல்லு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.