குரங்கணி ஏற்றத்தில் கொடுக்காத குரல்

டைபாய்டு வந்து ஒரு மாதம் படுத்து எழுந்தபின், மலைக்காற்று பட்டால் நல்லது என்றார் டாக்டர். நான் வாத்தியாராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் பூஜை விடுமுறையும் சேர்ந்துகொண்டது. போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் என் கல்லூரி நண்பன் சுல்தானுக்குக் கடிதம் போட்டேன். குரங்கணிக்கு மேலே அவனுடைய மாமாவுக்குச் சின்னதாக ஒரு ஏலத்தோட்டம் இருக்கிறது. நான் கேட்டது தங்க இடம் மட்டும்தான். அவனோ கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தானும் வருவதாகப் பதில் எழுதினான். வீட்டார் காட்டிய அக்கறையிலேயே மூச்சு முட்டிப் போயிருந்த எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மதுரையிலிருந்து போடி ஐம்பத்தாறு மைல். யுத்த காலத்தில் பிடுங்கிய தண்டவாளத்தைத் திரும்பப் போட்டுவிட்டதால் இப்போது ரயிலிலேயே போகலாம். காலை ஆறுக்கு ஏறி பத்துக்கு இறங்கினேன். மூன்றாம் வகுப்பு ஒன்றரை ரூபாய். அங்கிருந்து குரங்கணிக்கு லாரி, பத்து மைலுக்கு ஆறணா, முன் சீட்டென்றால் எட்டணா.

எனக்காக முன் சீட்டைக் கேட்டு வாங்கினான் சுல்தான். அதோடு விட்டானா? "அண்ணே, இவன் டைபாய்டுல கெடந்து பொழச்சு வந்திருக்கான். பள்ளத்துல பாத்து எறக்குங்க" என்று டிரைவரிடம் உரக்கச் சொன்னான். பின்னால் இருந்த தோட்டத்துப் பெண்களெல்லாம் எட்டி என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி உச்சுக்கொட்டினாள். வாத்தியார் என்ற மானம் அங்கேயே போயிற்று. குரங்கணி போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் வேண்டுமா என்று நான்கு முறை கேட்டான். நான்காவது முறை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினோம். தோட்டம் ஐந்து மைல், நல்ல காலுக்கு மூன்று மணி நேரம். ஐப்பசியில் மூடுபனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. மஞ்சு என்பார்கள் இங்கே. அதனால் இந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் வளைவுக்கு வளைவு குரல் கொடுப்பார், பின்னால் வருகிறவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் ஆள் விழுந்துவிட்டார் என்று பொருள். கடைசியாகப் பதில் வந்த இடத்துக்கே திரும்பிப் போய்த் தேடுவார்கள். இதில் யாரும் விளையாடுவதில்லை. ஏறும் முன் சுல்தான் எனக்கு இதை இரண்டு தடவை சொன்னான்.

இரண்டு மணிக்கு மஞ்சு இறங்கியது. இருவர் மூட்டையையும் முதுகில் போட்டுக்கொண்டு சுல்தான் முன்னால் போனான். "மாப்ளே, வர்றியா?" வர்றேன் என்றேன். "மாப்ளே, அட்டை கடிக்குதா பாரு." பார்த்தேன் என்றேன். "மாப்ளே, மூச்சு வாங்குதா?" எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஓடை தாண்டியதும் ஒரு பதில் சொல்லிவிட்டு, அடுத்த வளைவில் பாதையை விட்டு விலகி ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மேலே இருந்து கூப்பிட்டான். கொஞ்சம் தவிக்கட்டும் என்று நான் வாயே திறக்கவில்லை.

மூன்றாவது குரலுக்கும் பதில் போகாததால் அவன் இறங்கி ஓடி வந்தான். எனக்குப் பத்தடி தள்ளித்தான் கடந்து போனான். அவனுக்கு மூச்சு இரைத்தது. அப்போதாவது நான் எழுந்திருக்கலாம், எழவில்லை. ஓடைப் பக்கம் அவன் குரல் திரும்பத் திரும்பக் கேட்டது, வரவரக் கம்மிப் போனது. பிறகு கற்கள் உருளும் சத்தம். அதற்கப்புறம் அவன் கூப்பிடவில்லை.

பதறி ஓடினேன். ஓடை அருகே எங்கள் மூட்டைகள் இரண்டும் பாதையில் கிடந்தன. பக்கத்தில் ஓரம் புதிதாகச் சரிந்திருந்தது. கீழே மஞ்சு மட்டும்தான். தொண்டை கிழியக் கத்தினேன், பதில் இல்லை. அவனைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

எவ்வளவு நேரம் ஆனதோ, கீழிருந்து மணிச் சத்தம் கேட்டது. தோட்டங்களுக்கு அரிசி ஏற்றிப் போகும் பேச்சிமுத்து தம் கோவேறு கழுதையோடு வந்தார். சரிவைக் காட்டினேன்.

"கடேசியா பதிலு எங்க வந்துச்சு?" என்று கேட்டார்.

"கூப்ட்டது அவன். நான்தான் பதில் சொல்லல."

"ஏன்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, லோடுக் கயித்த அவுத்துக் கொண்டா. வெரசா."

அரிசி மூட்டைகளைப் பாதையிலேயே தள்ளிவிட்டு, கயிற்றை மரத்தில் கட்டி அவர் இறங்கினார். நான் மேலே முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் கழித்துக் கல்லோடு கல் தட்டும் சத்தம் அவருக்குக் கேட்டது; ஓடை இரைச்சலில் மேலே எனக்கு அது எட்டவில்லை. முப்பதடி கீழே ஒரு மரம் தடுத்துக் கிடந்தான் சுல்தான். என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் அடைத்துப்போய், கல்லைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். வலது கணுக்கால் வீங்கியிருந்தது. மேலே ஏற்றியதும், "ஒனக்கு ஒன்னும் ஆகலையே?" என்றான்.

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். "பாறைக்குப் பின்னாலதான் இருந்தேன். நீ தாண்டிப் போனது கேட்டுச்சு" என்றேன்.

சுல்தான் பேச்சிமுத்துவிடம் திரும்பி, "போவமாண்ணே?" என்றான். அவனைக் கழுதைமேல் ஏற்றி, தோட்டம் சேர்ந்தபோது மணி ஐந்தரை.

போக நினைப்பவர்களுக்கு: தை மாதம் போங்கள், மஞ்சு குறைவு. காலையிலேயே குரங்கணியைவிட்டு ஏறிவிடுங்கள். அட்டைக்குப் புகையிலைத் தண்ணீரில் நனைத்த துணியைக் காலில் சுற்றுங்கள். தோட்டத்தில் கடை கிடையாது, அரிசி பருப்பு கொண்டுபோக வேண்டும். யாராவது கூப்பிட்டால், என்ன கோபமிருந்தாலும், பதில் சொல்லிவிடுங்கள்.

இரண்டு நாள் சுல்தான் என்னோடு பேசவில்லை. கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன், குடித்தான். காலுக்குப் பற்றுப் போட்டேன், காலை நீட்டினான். சாப்பிட்டாயா, தண்ணீர் குடித்தாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை. ஊரிலிருந்து நான் தேடி வந்த நிம்மதி இதுதான். ஒரு வேளைகூடத் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷமாக அவன் கேட்டதையெல்லாம் தொல்லை என்று தள்ளியிருக்கிறேன், ஒரு தடவைகூட நன்றியோடு பதில் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் காலை, தண்ணீர் எடுக்கக் குடத்தோடு வாசலில் இறங்கினேன். உள்ளே படுத்திருந்தவனிடமிருந்து கம்மிய குரல் வந்தது.

"மாப்ளே, பனியில வெறும் சட்டையோட எங்க போற? கம்பளியச் சுத்திக்க."

குடத்தை இறக்கி வைத்தேன். கம்பளியை எடுத்துக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு, "சுத்திக்கிட்டேன்டா" என்று அவனுக்குக் கேட்கும்படி சொன்னேன்.