டர்போ காரும் போய்விட்ட கப்பலும்

நம் கிளப் பலகையில் இதைப் படிக்கும் நண்பர்களுக்கு,

இன்று காலை நம் தீவின் லம்பா லைன் பஸ்ஸில் செபஸ்தியான் பக்கத்தில் உட்கார்ந்தேன். போட் எஞ்சின்களைப் பழுது பார்க்கும் தூத்துக்குடிக்காரர். கையில் ஒரு வெளிநாட்டுக் கார்ப் பத்திரிகை.

"இனிமே ஸ்போர்ட்ஸ் காரெல்லாம் டர்போதான் சார். வெளியே போற புகையே ஒரு சக்கரத்தைச் சுத்தி, காத்தை எஞ்சினுக்குள்ள தள்ளும்" என்றார்.

"தானா காத்திழுக்குற எஞ்சினோட சத்தம் அதுல வருமாய்யா?" என்றேன்.

விவாதம் பஸ் முழுக்கப் பரவியது. பெங்காலி கண்டக்டர், "அரே பாய், ரோட் கிதர் ஹை?" என்று சிரித்தார். அந்தக் காரை ஓட்ட இங்கே ரோடு ஏது?

மரைன் ஹில் ஏறும்போது, கீழே மெட்ராஸ் கப்பல் கிளம்பிக்கொண்டிருந்தது. செபஸ்தியான் பத்திரிகையை மடித்துவிட்டு அதையே பார்த்தார்.

மெட்ராஸில் ரேஸ் கார் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. மனைவிக்கு நிறைமாதம். தனியே விட மனமில்லாமல் இந்தக் கப்பலுக்கு எடுத்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த கப்பல்வரை பட்டறைக்காரர்கள் காத்திருக்க மாட்டார்களாம்.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

"பிள்ளை பொறக்குறப்ப நான் இங்கதான் இருக்கணும் சார். ஆனா, அந்த ரெண்டு எஞ்சின் சத்தத்தையும் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்."

நானும் கேட்டதில்லை. கேட்காமலேதான் இருவரும் வழியெல்லாம் கத்தியிருக்கிறோம்.

மெயின்லேண்டில் கேட்டவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். எது உசத்தி என்று மட்டும் செபஸ்தியானிடம் இப்போதைக்குச் சொல்லிவிடாதீர்கள்; அவரே ஒரு நாள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.