பதினாலாம் நம்பர் மாடி

அவரை எல்லோரும் கடுதாசி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக ஒரே பகுதியில் தபால் கொடுக்கிறார். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது கடிக்கும் என்பது வரைக்கும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தான் தினமும் நடக்கிற தெருவிலேயே ஒரு இடத்தைத் தேடி அல்லாடிக்கொண்டிருந்தார்.

தேடியது, குடியை விட்டவர்கள் ஒன்றுகூடிப் பேசுகிற இடத்தை. ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்: நம்பர் பதினாலு, செவ்வாய், ஆறிலிருந்து ஏழு.

காலையில் மனைவி அந்தச் சீட்டைப் படித்துவிட்டு அவர் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தாள்.

"நீங்க பண்ணின சத்தியத்த எல்லாம் மூட்டை கட்டினா தூக்க ரெண்டு ஆள் வேணும். இனிமே சத்தியமே வேணாம். இன்னைக்கு அங்க போய் உட்கார்ந்துட்டு வாங்க. இல்லேன்னா நானும் பொண்ணும் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறோம். துணியெல்லாம் எடுத்து வெச்சாச்சு."

அவர் குடித்து நாலு நாள் ஆகியிருந்தது. தண்ணீர் டம்ளரை இன்னும் ரெண்டு கையாலும்தான் பிடித்தார்.

பதினாலாம் நம்பர் கட்டடத்தில் கீழே அச்சகம். அச்சகக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அப்படி யாரும் இங்க இல்லியே."

பக்கத்து மருந்துக்கடையில் கேட்டார். கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன கடுதாசி, நீயே விலாசம் கேட்டா நாங்க எங்க போறது? அதோ, உன் விலாசம் எதிர்லயே இருக்கே."

கையை நீட்டிக் காட்டினார். எதிரே மதுக்கடை. பச்சையும் சிவப்புமாக விளக்குப் போர்டு. தெருமுனையிலிருந்தே அதற்கு அம்புக்குறி. குடிக்கப் போகிறவன் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். விட நினைக்கிறவனுக்கோ உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அட்டை கிடையாது. இதை ஆண்டவன் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான் என்று நினைக்க நினைக்க அவருக்கு வயிறு எரிந்தது. ஆத்திரத்தோடு கால் அந்தப் பக்கமே நாலு அடி வைத்துவிட்டது. மணி ஆறேகால்.

அப்போதுதான் தபாலாபீஸ் முறை ஞாபகத்துக்கு வந்தது. ஆள் இல்லை என்று எழுதித் திருப்புவதற்கு முன்னால் மாடி மாடியாக ஏறிக் கேட்க வேண்டும். இந்தக் கட்டடத்தில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை. மத்தியானமே ஒரு கிளாஸ் உள்ளே போயிருக்கும். படியைப் பார்த்தாலே கால் பின்னும். அச்சகத்தில் கேட்பதோடு சரி.

இன்றைக்குக் கால் நிலையாக நின்றது. சந்துக்குள் போய்ப் பின்படி ஏறினார். இரண்டாவது மாடியில், அச்சகத்தின் பழைய காகிதக் கட்டுகளுக்கு நடுவே, ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? ஒரு போர்டு வெக்கக் கூடாதா? குடிக்கிறவனுக்கு லைட்டு போட்டு வழி காட்டுறான். விடணும்னு வர்றவன் திருடன் மாதிரி பின்படி ஏறணுமா?"

நடுவில் இருந்தவர் பழைய பஸ் டிரைவர். நிதானமாகச் சொன்னார். "கேட்டோம் தம்பி. குடிகாரங்க வர்ற இடம்னு தெரிஞ்சா கட்டடத்துக்கு மரியாதை போயிடும்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார். யார் கேட்டாலும் இல்லேன்னு சொல்லணும், அப்பத்தான் ரூம். கீழ அச்சகத்துக்கும் அதே பேச்சுதான்."

"எதிர்ல விழுந்து கிடக்கறாங்களே, அதுல போகாத மரியாதையா?"

"அந்தக் கடைக் கட்டடமும் அவரோடதுதான். அதுக்கு நல்ல வாடகை வருது." யாரோ சிரித்தார்கள்.

டிரைவர் அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்தார். "போர்டு இல்லாட்டியும் தபாலாவது வரும்னு இருந்தோம். இது ஒரு பொண்ணு எழுதினது. எப்போ கூடுறீங்க, புருஷனக் கூட்டிட்டு வரலாமான்னு கேட்டு. திரும்பிப் போயிடுச்சு. நாலு மாசம் கழிச்சு எப்படியோ விசாரிச்சு அவளே வந்தா. கவர மட்டும் கொடுத்துட்டுப் போனா. கூட்டிட்டு வர ஆள் உயிரோட இல்ல."

கவரின் குறுக்கே நீல மையில் எழுதியிருந்தது: இப்படி ஒருவர் இல்லை.

கடுதாசி அதைக் கையில் வாங்கவில்லை. இதுவரை அச்சகக்காரர் மேலும், மருந்துக்கடைக்காரர் மேலும், மதுக்கடைப் போர்டின் மேலும் ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்தவர் குனிந்து அந்த நீல எழுத்தைப் பார்த்தார். எதிர்க்கடையின் பச்சை வெளிச்சம் ஜன்னல் வழியாக அந்தக் கவர் மேலேயே விழுந்தது.

"இது என் எழுத்து," என்றார். "நான் மாடி ஏறல. குடிச்சிருந்தேன்."

ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிரைவர் கவரை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு, காலால் ஒரு நாற்காலியைத் தள்ளினார்.

"ஏழு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. எந்திரிச்சு ஓடிடாதீங்க."

ஓடவில்லை. வீட்டில் கதவு திறந்தது. எடுத்து வைத்த துணி மட்டும் அப்படியே இருந்தது. "அடுத்த செவ்வாயும் பார்க்கலாம்," என்றாள் மனைவி.

மறுநாள் காலை தபாலாபீஸில், அந்தத் தெருவுக்குத் தபால் பிரித்துப் போடுகிற மரத்தட்டின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினார். நடுங்கிய எழுத்துதான். 'பதினாலு, பின்படி, இரண்டாம் மாடி. இருக்கிறார்கள். திருப்பக் கூடாது.'

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "அங்க யாருப்பா இருக்காங்க? அச்சகம்தானே?"

கடுதாசி பசையை விரலால் அழுத்தித் தேய்த்தார்.

"நான் இருக்கேன்."